வீட்டு இணைய வாசலில் ஒரு பழைய கணினி

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்து வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 சிப் வேண்டும் என்கிறது. இன்டெல் என்றால் அநேகமாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸரும் வேண்டும் என்கிறது. இந்த நிபந்தனைகளால், ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லாத நான்காம், ஆறாம் தலைமுறை ஐ3, ஐ5 கணினிகள் அலுவலகங்களிலிருந்து மொத்தம் மொத்தமாக வெளியே வருகின்றன. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற சந்தைகளில் அவை குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வீடுகளிலும் பிள்ளைகள் படிப்பு முடித்துப் போன பின் பரணில் ஏறிய டெஸ்க்டாப் இருக்கிறது; 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினி அலமாரிக்குள் கிடக்கிறது.

இவற்றில் ஒன்றை வீட்டு நெட்வொர்க்குக்கு ஃபயர்வாலாக்கலாமா என்று கேட்டால், தாராளமாக ஆக்கலாம். மென்பொருள் இலவசம், செய்முறை தெளிவு, கால் நூற்றாண்டு அனுபவம் பின்னால் இருக்கிறது. ஆனால் அதனால் என்ன கிடைக்கும் என்பதில்தான் பலர் தவறான எதிர்பார்ப்போடு தொடங்குகிறார்கள். வெளியிலிருந்து வந்து தட்டுபவனைத் தடுக்கும் வேலையை, இணைய நிறுவனம் சுவரில் மாட்டிவிட்டுப் போன பெட்டியே ஓரளவு செய்துவிடுகிறது. பழைய கணினி கூடுதலாகத் தருவது வேறு. வீட்டுக்குள் இருக்கும் கருவிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைக்கலாம். அவை வெளியே யாரோடு பேசுகின்றன என்று பார்க்கலாம். கடைப்பெட்டிகளைத் தயாரித்தவர்களே கைவிட்ட பிறகும், இதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வரும். இவை தேவைப்படாத வீட்டுக்கு இந்த ஏற்பாடும் தேவையில்லை என்பது என் முடிவு. தேவைப்படும் வீடுகள் நாம் நினைப்பதைவிட அதிகம் என்பதும்தான்.

முதலில் அந்தச் சுவர்ப்பெட்டி. ஓஎன்டி என்று சொல்லப்படும் அதற்குள் ஃபைபர் முனையம், ரவுட்டர், சுவிட்ச், வைஃபை, சிறிய ஃபயர்வால் எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. உள்ளே ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ்தான். அதன் காவலில் பெரும்பங்கு, 'நாட்' எனப்படும் முகவரி மாற்றத்தால் தற்செயலாகக் கிடைத்தது. 1994 மே மாதம் ஆர்எஃப்சி 1631 என்ற ஆவணமாக வெளிவந்த அந்த முறை, ஐபி முகவரிகள் தீர்ந்துவிடும் என்ற கவலையில் பிறந்தது. வீட்டிலுள்ள பத்துக் கருவிகளும் வெளியே ஒரே முகவரியில் தெரியும். உள்ளிருந்து யாரும் கேட்காத பாக்கெட் வெளியிலிருந்து வந்தால், அதை எந்தக் கருவிக்கு அனுப்புவது என்று பெட்டிக்குத் தெரியாது, கீழே போட்டுவிடும். போதாததற்கு, நம் நாட்டு நிறுவனங்கள் பல, தங்கள் பக்கத்திலும் இன்னொரு நாட் வைத்திருக்கின்றன. பெட்டியின் பக்கத்தில் 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்ணில் தொடங்கும் முகவரி தெரிந்தால், அதற்காகவே 2012இல் ஒதுக்கப்பட்ட வரிசைக்குள் நீங்கள் இருக்கிறீர்கள் என்று பொருள். அப்படிப்பட்ட இணைப்புக்கு ஐபிவி4 வழியாக வெளியாள் நேராக வந்து சேரவே முடியாது.

ஐபிவி6இல் நிலைமை வேறு. அதைப் பயன்படுத்துவதில் இந்தியா உலகின் முன்வரிசை நாடுகளில் ஒன்று. அங்கே முகவரிப் பஞ்சம் இல்லை. டிவி, கேமரா, பிரிண்டர் ஒவ்வொன்றுக்கும் உலகம் முழுவதும் செல்லுபடியாகும் தனி முகவரி. 'நாட்' முறையின் தற்செயல் காவல் இல்லாததால், பெட்டிக்குள் முறையான ஐபிவி6 ஃபயர்வால் இயங்கினால்தான் பாதுகாப்பு. அது பெட்டிக்குப் பெட்டி மாறுகிறது. சிலவற்றில் அந்த அமைப்பைப் பார்க்கக்கூட வாடிக்கையாளருக்கு அனுமதி இல்லை. "நாட் இருக்கிறதே, போதாதா?" என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அடுத்த குறை, பெட்டியே தாக்கப்படும் பொருளாக இருப்பது. 2016 அக்டோபர் 21ஆம் தேதி தளப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையை நடத்திய டைன் நிறுவனம் தாக்கப்பட்டு ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் முதலான தளங்கள் பலருக்கும் எட்டாமல் போனபோது, தாக்கியது வீட்டுக் கேமராக்களும் டிவிஆர்களும் ரவுட்டர்களும்தான். மிராய் என்ற தீநிரல் அறுபது சொச்சம் யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றைப் பிடித்தது. 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்கள் தாக்குதலில் செயலிழந்தன. ஆலையிலிருந்து வந்த 'அட்மின்' பாஸ்வேர்டு மாற்றப்படாமல் இருந்ததே காரணம் என்று சொல்லி, அதை மாற்றும்படி வாடிக்கையாளர்களை நிறுவனம் கேட்டுக்கொண்டது. 2018 மே மாதம் சிஸ்கோவின் டேலோஸ் குழு வெளிப்படுத்திய விபிஎன்ஃபில்டர், குறைந்தது 54 நாடுகளில் ஐந்து லட்சம் கருவிகளுக்குள் புகுந்திருந்தது. அதில் மிகப் பெரும்பாலானவை வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருக்கும் ரவுட்டர்கள். பழைய மென்பொருள், ஊரறிந்த பாஸ்வேர்டு, மாதக்கணக்கில் யாரும் திரும்பிப் பார்க்காத கருவி: மூன்றிலும் அடிப்படை இவைதான்.

கணினியை வாசற்காவலுக்கு வைப்பதும் புதிதல்ல. ஃபயர்வால் பிறந்ததே அப்படித்தான். 1988 நவம்பர் 2ஆம் தேதி வெளிப்பட்ட மோரிஸ் வோர்ம், அன்றைய சிறிய இணையத்தையே முடக்கிப்போட்ட பிறகு, நிறுவனங்கள் தங்கள் வாசலில் ஒரு சாதாரண யூனிக்ஸ் கணினியை நிறுத்தி, எல்லாப் போக்குவரத்தையும் அதன் வழியே விடத் தொடங்கின. பெல் லேப்ஸின் வில்லியம் செஸ்விக்கும் ஸ்டீவன் பெல்லோவினும் அந்த அனுபவத்தை 1994இல் புத்தகமாகவே எழுதினார்கள். தனிப் பெட்டியாக ஃபயர்வால் விற்கப்பட்டது அதற்குப் பிறகு பரவியதுதான்.

வீட்டுக்கு அது வந்ததற்கு இரண்டு திறமூல வேலைகள் காரணம். 2001 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.4இல் ரஸ்டி ரஸ்ஸல் தொடங்கிய நெட்ஃபில்டர் சேர்ந்தது. ஒவ்வொரு இணைப்பும் எந்த நிலையில் இருக்கிறது என்று நினைவில் வைத்து முடிவெடுக்கும் திறன், அதோடு எல்லோர் கைக்கும் வந்தது. அதே ஆண்டு, ஓபன்பிஎஸ்டி குழு அதுவரை வைத்திருந்த ஐபிஃபில்டரை உரிமச் சிக்கலால் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. அந்த இடத்துக்கு டேனியல் ஹார்ட்மையர் எழுதிய பிஎஃப், சில மாதங்களிலேயே உருவாகி டிசம்பரில் ஓபன்பிஎஸ்டி 3.0உடன் வெளிவந்தது. இன்று வீட்டில் போடப்படும் ஃபயர்வால் மென்பொருள்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றின் வழித்தோன்றல்கள்.

அந்தக் காலத்திலேயே லினக்ஸ் ரவுட்டர் புராஜெக்ட் ஒரே ஒரு 1.44 எம்பி ஃபிளாப்பியில் அடங்கி, பழைய 486 கணினிகளை ரவுட்டர் ஆக்கிக்கொண்டிருந்தது. நம் ஊர் பிரவுசிங் சென்டர்களிலும் முதலாளி மேசைக் கணினி இணைப்பை வாங்கி மற்றவற்றுக்குப் பிரித்துக் கொடுத்தது, விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்போடு வந்த பகிர்வு வசதியாலோ வின்கேட் போன்ற மென்பொருளாலோதான். 2000இல் வந்த ஸ்மூத்வால், மறு ஆண்டு அதிலிருந்து பிரிந்த ஐபிகாப் இரண்டும் வண்ணங்களால் விஷயத்தை எளிதாக்கின: சிவப்பு இணையம், பச்சை வீடு, நீலம் வைஃபை, ஆரஞ்சு வெளியாட்களுக்குத் திறந்த சர்வர். ஜெர்மனியில் வளரும் ஐபிஃபயர் இன்றும் அதே வண்ணங்களை வைத்திருக்கிறது. 2003இல் சுவிட்சர்லாந்தின் மானுவல் காஸ்பர் வெளியிட்ட மோனோவால், மொத்த அமைப்பையும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் அடக்கியது. அதிலிருந்து 2004இல் பிஎஃப்சென்ஸ் பிரிந்தது. பிஎஃப்சென்ஸிலிருந்து 2015 ஜனவரியில் ஓபிஎன்சென்ஸ் பிரிந்தது. அடுத்த மாதமே காஸ்பர் தன் வேலையை நிறைவுசெய்து, பயனர்களை ஓபிஎன்சென்ஸ் பக்கம் கைகாட்டினார்.

இனி கணினி. எல்லாப் பழைய கணினியும் இதற்குத் தகுதி இல்லை. தகுதியை முதலில் தீர்மானிப்பது மின்சாரம். ஃபயர்வால் இரவும் பகலும் ஓடும். பென்டியம் 4 காலத்து டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போதே 80 வாட் அளவில் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு 1.92 யூனிட், நம் மின்வாரியத்தின் இரண்டு மாதக் கணக்கில் 115 யூனிட். இலவச 100 யூனிட்டை அது ஒன்றே விழுங்கி மேலும் கேட்கும். அதைவிட முக்கியம், வீட்டின் மற்றப் பயன்பாட்டுக்கு மேல் வந்து சேரும் யூனிட்டுகள் இவை என்பதால் உயர்ந்த படியின் கட்டணத்தில் விழும். நான்காம் தலைமுறைக்குப் பிந்தைய சிறிய அலுவலகக் கணினி 20 வாட்டில் நின்றால் அதே இரண்டு மாதத்துக்கு 29 யூனிட். தின் கிளையன்ட் பெட்டி 10 வாட் என்றால் 15 யூனிட்டுக்கும் கீழே. பென்டியம் 4ஐப் பழைய பொருளைக் காப்பாற்றுகிறோம் என்ற நல்லெண்ணத்தில் ஓட்டுவதைவிட, முறையாக மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்துவிடுவதே சரி.

வாட் மீட்டர் இல்லாதவர்கள் வீட்டு மின்மீட்டரிலேயே அளந்துவிடலாம். டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். 3200 என்பது பரவலாகக் காணப்படும் எண். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கணினியை மட்டும் ஓடவிட்டு, சிவப்பு விளக்கு இரண்டு முறை மினுக்குவதற்கு இடையே உள்ள நேரத்தைப் பாருங்கள். 3200 மீட்டரில் 20 வாட் கருவிக்கு 56 விநாடி இடைவெளி வரும்; 80 வாட் என்றால் 14 விநாடி.

அடுத்து லேன் போர்ட். ஃபயர்வாலுக்கு வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று என இரண்டு வேண்டும். அலுவலக சர்வர்களிலிருந்து கழற்றிய இன்டெல் இரட்டை போர்ட் கார்டு பழைய பொருள் சந்தையில் கிடைக்கும். பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் போன்ற பிஎஸ்டி வகை மென்பொருளுக்கு அதுவே நிம்மதி. ரியல்டெக் சிப் லினக்ஸில் ஒழுங்காக ஓடும். ஃப்ரீபிஎஸ்டியில் சில மாடல்கள் தகராறு செய்யும். இன்டெல் பெயரில் போலி கார்டுகள் உண்டு என்பதால் புதிது போல மின்னும் மலிவான கார்டை நம்ப வேண்டாம். மிகப் பழைய போர்டில் பிசிஐ ஸ்லாட் மட்டும் இருந்தால், அந்தப் பாதை முழுவதற்கும் சேர்த்து விநாடிக்கு 133 மெகாபைட்தான் கொள்ளளவு. ஒவ்வொரு பாக்கெட்டும் உள்ளே ஒரு முறை, வெளியே ஒரு முறை என இரண்டு தடவை அதில் போகிறது. 500 எம்பிபிஎஸ் இணைப்புக்கு அது போதாது.

மடிக்கணினி பார்க்கக் கச்சிதமானது. மின்சாரம் குறைவு, பேட்டரியே யுபிஎஸ். ஆனால் லேன் போர்ட் ஒன்றுதான் இருக்கும். யுஎஸ்பி லேன் அடாப்டரைச் சேர்த்து ஓட்டுபவர்கள் உண்டு. நாள் முழுக்க ஓடும்போது அது அவ்வப்போது அறுந்துபோகும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சுத்தமான வழி விலேன்: 1998இல் தரமாக்கப்பட்ட இந்த முறையில், விலேன் தெரிந்த ஐந்து போர்ட் சுவிட்ச் ஒன்றை வாங்கி, ஒரே கம்பியில் வெளிப் போக்குவரத்தையும் உள் போக்குவரத்தையும் வெவ்வேறு எண் ஒட்டி அனுப்பலாம். 100, 200 எம்பிபிஎஸ் இணைப்புக்கு ஒரு கிகாபிட் போர்ட் தாராளம். எந்நேரமும் சார்ஜரில் இருக்கும் பழைய பேட்டரி உப்பக்கூடும். உப்பல் தெரிந்த அன்றே அதைக் கழற்றிவிட வேண்டும்.

அலுவலகத்திலிருந்து வந்த கணினியில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கலாம். வி-புரோ முத்திரை உள்ள இன்டெல் கணினிகளில் ஏஎம்டி என்ற தொலைநிர்வாக வசதி உண்டு. நாம் போடும் ஃபயர்வால் மென்பொருளுக்கும் அடியில், போர்டோடு வந்த லேன் போர்ட்டில் அது தனியாகக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். 2017 மே மாதம் வெளிப்பட்ட ஒரு குறையால், பாஸ்வேர்டுக்கான விடையை வெற்றாக அனுப்பினாலே அது உள்ளே விட்டது. எனவே பயாஸில் ஏஎம்டியை அணைக்க வேண்டும். கூடுதல் கார்டு போட்டிருந்தால் இணையம் வரும் கம்பியை அந்தக் கார்டில்தான் செருக வேண்டும்.

பயாஸில் செய்ய வேண்டியது இன்னும் இரண்டு. மின்சாரம் போய் வந்தால் தானே எழும்படி வைக்க வேண்டும். கீபோர்டு இல்லை என்று சொல்லி எஃப்1 அழுத்தக் காத்திருக்காதபடி வைக்க வேண்டும். அதோடு போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றிவிட வேண்டும். அது செத்திருந்தால், மின்சாரம் போய் வந்ததும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போய் நிற்கும். டிஎன்எஸ் விடைகளை உறுதிசெய்யும் டிஎன்எஸ்ஸெக் கையொப்பங்கள் தேதி பார்த்துச் சரிபார்க்கப்படுபவை. தேதி தப்பானால் ஃபயர்வால் எந்தத் தளத்தின் பெயரையும் ஏற்காது. சரியான நேரம் கேட்கலாம் என்றால், நேரம் தரும் சர்வரின் பெயரைக் கண்டுபிடிக்கவும் அதே டிஎன்எஸ் வேண்டும். கம்பி, விளக்கு எல்லாம் சரியாகத் தெரிய, வீடு முழுக்க இணையம் மட்டும் இருக்காது. ஒரு காசு அளவு பேட்டரியால் இப்படி ஒரு முடிச்சு விழும் என்று யாருக்கும் முதலில் தோன்றாது.

மென்பொருள் தேர்வில் நான் சொல்வது சுருக்கம். 64 பிட் பிராசஸர், 4 ஜிபிக்குக் குறையாத ரேம், இன்டெல் லேன் கார்டு இருந்தால் ஓபிஎன்சென்ஸ். ஆண்டுக்கு இரண்டு பெரிய வெளியீடு, இடையிடையே திருத்தங்கள் என்று அது ஒழுங்காக நடக்கிறது. பிஎஃப்சென்ஸ் தரத்தில் குறைந்ததல்ல, வழிகாட்டி ஆவணங்களில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் 2021இல் அதன் நிறுவனம், மூலநிரல் முழுதும் திறக்கப்படாத பிளஸ் பதிப்பைத் தனியாகப் பிரித்ததிலிருந்து, இலவசப் பதிப்பின் எதிர்காலத்தைப் பற்றி எனக்குத் தயக்கம் இருக்கிறது. ரேம் குறைவு, ரியல்டெக் கார்டு என்றால் ஓபன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் மென்பொருளின் பிசி பதிப்பு; மிக இலகுவானது. பிஎஃப்சென்ஸ் 2017இலேயே 32 பிட்டைக் கைவிட்டுவிட்டது என்பதால், அந்தக் காலத்து இயந்திரத்துக்கு மென்பொருள் தேடுவதே வீண் உழைப்பு. வட்டுக்குச் சின்ன எஸ்எஸ்டி போதும். மின்வெட்டு உள்ள ஊரில் நிறுவும்போது இசட்எஃப்எஸ் கோப்பு முறையைத் தேர்ந்தால், திடீரென்று அணைந்தாலும் வட்டு கெடும் வாய்ப்பு குறையும்.

எங்கே வைப்பது என்பதில்தான் பல வீடுகளில் முயற்சி முழுதும் பாழாகிறது. ஓஎன்டிக்கும் வீட்டுக்கும் நடுவில் கணினியை வைத்துவிட்டு, ஓஎன்டியின் வைஃபையை அணைக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஃபோன்கள், டிவி எல்லாம் பழைய வைஃபை பெயரிலேயே தொடர்ந்து ஒட்டிக்கொண்டு, ஃபயர்வாலைத் தொடாமலே போய்வருகின்றன. ஓஎன்டியின் வைஃபையை அணைத்து, வேறொரு பழைய வைஃபை ரவுட்டரை ஃபயர்வாலுக்கு உள்ளே வைக்க வேண்டும். அதில் கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபியை நிறுத்தி, கம்பியை வேன் போர்ட்டில் அல்லாமல் லேன் போர்ட்டில் செருகினால் அது வெறும் வைஃபை முனையாக மாறிவிடும். ஓஎன்டியை பிரிட்ஜ் முறைக்கு மாற்றிக் கொடுக்கும்படி நிறுவனத்திடம் கேட்கலாம். மாற்றினால் இணைப்பில் நுழைவதற்கான பிபிபிஓஇ யூசர்நேமும் பாஸ்வேர்டும் ஃபயர்வாலில் போட வேண்டியிருக்கும். மறுத்தால் இரட்டை 'நாட்' முறையோடு வாழலாம், அன்றாடப் பயன்பாட்டுக்கு ஒன்றும் கெட்டுவிடாது. இரு பக்கமும் 192.168.1 என்ற ஒரே வரிசையில் இல்லாமல் பார்த்துக்கொண்டால் சரி.

இப்போது விதிகள். பிரித்து வைப்பதுதான் முதல் பலன் என்று சொன்னேன்; அதற்குக் கேமராவை எடுத்துக்கொள்வோம். சிசிடிவி பொருத்துபவர் டிவிஆரை வீட்டு வைஃபை ரவுட்டரிலேயே செருகிவிட்டு, செயலியை ஃபோனில் போட்டுக் காட்டிவிட்டுப் போகிறார். அதே நெட்வொர்க்கில்தான் வங்கிக் கணக்கு பார்க்கும் லேப்டாப்பும், பிள்ளையின் டேப்லெட்டும் இருக்கின்றன. டிவிஆர் ஒருநாள் பிடிபட்டால், பிடித்தவன் வீட்டுக்குள் நின்றுகொண்டிருப்பான். வாசலில் எத்தனை பெரிய ஃபயர்வால் இருந்தும் பயனில்லை.

கேமராக்களையும் டிவிஆரையும் தனி விலேனில் வைத்தால் விதிகள் நாலே வரிதான். கேமரா வலையிலிருந்து ஃபயர்வாலின் கடிகாரத்துக்கு, அதாவது போர்ட் 123க்கு, அனுமதி. கேமரா வலையிலிருந்து வீட்டு வலைக்குத் தடை. கேமரா வலையிலிருந்து வேறு எங்கும் தடை, அதைப் பதிவேட்டில் எழுது. வீட்டு வலையிலிருந்து டிவிஆருக்கு அனுமதி. ஓபிஎன்சென்ஸ் ஒவ்வொரு வலையின் விதிகளையும் மேலிருந்து கீழே ஒப்பிட்டு, முதலில் பொருந்தியதைச் செய்துவிட்டு நின்றுவிடும். வரிசை மாறினால் பொருளே மாறும். கடைசி விதிப்படி நீங்கள் டிவிஆரைத் திறக்கும்போது, அது திருப்பி அனுப்பும் படத்துக்குத் தனி அனுமதி தேவையில்லை. கேட்டது யார் என்பது ஃபயர்வாலின் நினைவில் இருக்கிறது. விடையை அதுவே உள்ளே விடும்.

இதற்கு ஒரு விலை உண்டு. டிவிஆர் தானாக வெளியே போய்த் தயாரிப்பாளரின் சர்வரைத் தொட்டுக்கொண்டிருப்பதால்தான், வெளியூரில் இருந்தபடி ஃபோனில் வாசலைப் பார்க்க முடிகிறது. அந்தப் பாதையை மூடினால் செயலி வெளியூரில் வேலை செய்யாது. பதிலாக ஃபயர்வாலில் வயர்கார்டு என்ற விபிஎன் வைத்து ஃபோனிலிருந்து வீட்டுக்குள் வந்து பார்க்கலாம். ஆனால் இணைய நிறுவனத்தின் 'நாட்' முறைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு ஐபிவி4 வழி அடைபட்டிருக்கும், ஐபிவி6 வழியாகவோ காசு கொடுத்துத் தனி முகவரி வாங்கியோதான் ஆக வேண்டும். இதையெல்லாம் வீட்டில் சொல்லாமல் விதியைப் போட்டுவிட்டால், ஊருக்குப் போன அம்மா "கேமரா வரலையே, வீட்ல கரண்ட் இல்லையாப்பா?" என்று பதறிப் பேசும்படி ஆகிவிடும்.

இரண்டாவது பலன், பார்ப்பது. பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, யாரும் தொடாத நேரத்தில் டிவி என்ன செய்கிறது என்று பாருங்கள். சில நிமிடத்துக்கு ஒரு முறை பெயர் தேடல்கள் போய்க்கொண்டிருக்கும். சில கருவிகள் நாம் கொடுத்த டிஎன்எஸ்ஸை மதிக்காமல் கூகுளின் 8.8.8.8க்கே நேராகக் கேட்கும். போர்ட் 53இல் வெளியே போவதையெல்லாம் ஃபயர்வாலின் டிஎன்எஸ் பக்கமே திருப்பும் விதி ஒன்று போட்டு அதை மடக்கலாம். இது வீண் சந்தேகம் என்று நினைப்பவர்கள் விசியோ வழக்கை அறிந்திருக்க வேண்டும். ஒரு கோடியே பத்து லட்சம் டிவிகளில் யார் என்ன பார்க்கிறார்கள் என்று அனுமதியின்றிச் சேகரித்ததற்காக, 2017 பிப்ரவரியில் அந்த நிறுவனம் அமெரிக்காவின் எஃப்டிசிக்கும் நியூஜெர்சி மாநிலத்துக்கும் 22 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

யாரும் எதிர்பார்க்காத இன்னொரு நன்மையும் உண்டு. ஒருவர் பெரிய வீடியோவை அப்லோட் செய்யும்போது மற்றவரின் வீடியோ அழைப்பு திக்குவதற்குக் காரணம், பெட்டிக்குள் நீளும் பாக்கெட் வரிசை. கேத்லீன் நிகோல்ஸும் வான் ஜேகப்சனும் 2012இல் வெளியிட்ட கோடெல் முறையும் அதன் வழிவந்த எஃப்க்யூ-கோடெலும் அந்த வரிசையைக் குட்டையாக வைக்கின்றன. 100 எம்பிபிஎஸ் இணைப்பை ஃபயர்வாலில் 95ஆகக் கட்டினால், வரிசை சேவை நிறுவனத்தின் பெட்டியில் சேராமல் நம் கையில் இருக்கும். வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத் தடுமாற்றத்தைப் போக்கும் இந்தக் கணக்கை எந்தப் பழைய ஐ3யும் சிரமமின்றிப் போடும்.

முடியாதவற்றையும் சொல்லியாக வேண்டும். இன்றைய போக்குவரத்து ஏறக்குறைய முழுவதும் மறைகுறியாக்கப்பட்டது. யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. அதனால் சுரிகாட்டா போன்ற ஊடுருவல் கண்டறியும் மென்பொருளை வீட்டில் ஓட்டுவதில் எனக்கு ஈடுபாடு இல்லை. ரேமையும் மின்சாரத்தையும் தின்றுவிட்டுப் பொய் எச்சரிக்கைகளைக் குவிக்கும். சில வாரத்தில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. பிரவுசர்களும் ஆண்ட்ராய்டும் டிஎன்எஸ் கேள்விகளையே மறைத்து அனுப்பக் கற்றுக்கொண்டுவிட்டன. 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதலே அந்த வசதி உண்டு. விளம்பரத் தடை, பிள்ளைகளுக்கான வடிகட்டி எல்லாம் அந்த அளவுக்குப் பலவீனம். ஃபோனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்குப் போய்விட்டால் ஃபயர்வாலுக்கு வேலையே இல்லை. கேஒய்சி முடிந்துவிட்டது என்று மிரட்டி ஓடிபி கேட்கும் அழைப்பையும், மின்கட்டணம் பாக்கி என்று வரும் போலி லிங்க்கை நம்பி வீட்டுப் பெரியவர் தானே பணம் அனுப்புவதையும் எந்த ஃபயர்வாலும் தடுக்காது. அதற்கு வீட்டில் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும்.

யாருக்கு இது வேண்டாம்? இரண்டு ஃபோன், ஒரு டிவி மட்டும் உள்ள வீட்டுக்கு வேண்டாம். ஓஎன்டியின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, கருவிகள் தாமே போர்ட் திறந்துகொள்ளும் யூபிஎன்பியையும் வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும் அணைத்து, டிவியை விருந்தினர் வைஃபையில் தள்ளிவிட்டால் பெரும்பகுதி வேலை முடிந்தது. மாதம் ஒருமுறை உட்கார்ந்து திருத்தங்களைப் போட ஆள் இல்லாத வீட்டுக்கும் வேண்டாம். புதுப்பிக்காத ஃபயர்வால் இன்னொரு கைவிடப்பட்ட பெட்டிதான். கேமராக்கள் உள்ள வீடு, வீட்டிலிருந்தே அலுவலகம் நடத்துபவர், மருத்துவர் அல்லது ஆடிட்டர் போல மற்றவர்களின் ஆவணங்களை வீட்டுக் கணினியில் வைத்திருப்பவர், மாடியில் வாடகைக்கு விட்டு இணைப்பைப் பகிர்பவர்: இவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன். 20 வாட்டுக்குள் ஓடும் கணினி கையில் இருந்தால், இந்த வார இறுதியிலேயே தொடங்கலாம்.

தொடங்கும்போதே ஒன்றைச் செய்துவிட வேண்டும். ஓபிஎன்சென்ஸில் அமைப்பு முழுவதும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் இருப்பதால், அதன் நகலை ஒரு பென் டிரைவில் எடுத்துவைத்தால் கணினியே எரிந்துபோனாலும் இன்னொன்றில் சில நிமிடத்தில் மீட்டுவிடலாம். பிபிபிஓஇ விவரம் உட்பட எல்லா பாஸ்வேர்டும் அதில் இருக்கும் என்பதால் அந்த பென் டிரைவ் பீரோவுக்குள் இருக்கட்டும். மீட்கத் தெரிந்தவர் ஊரில் இல்லாத நாளுக்கு, ஒரு சாதாரண ரவுட்டரில் அதே பிபிபிஓஇ விவரத்தைப் போட்டு, ஃபயர்வாலுக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். எந்தக் கம்பியைக் கழற்றி எதில் செருகுவது என்று அதன் மேலேயே ஒரு தாளில் எழுதி ஒட்டி, வீட்டில் அதிக நேரம் இருப்பவரையே ஒருமுறை மாற்றிச் செருகச் சொல்லி, இணையம் வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.